கோல்ஃபில் டிரைவர் அடி ஏன் கெடுகிறது? பந்து போகும் போக்கை வைத்துக் காரணம் தேடும் வழி

கோல்ஃபில் நீள அடிக்கு எடுக்கும் மட்டையான டிரைவரை மணிக்கு 80 முதல் 95 மைல் வேகத்தில் சுற்றுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னுடைய வேகம் 87. வாரத்தில் ஓரிரு நாள் ஆடுகிற, நாற்பது ஐம்பது வயதைக் கடந்த என் ஆட்டத் தோழர்கள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான் இருக்கிறார்கள். வலது கைக்காரரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். இடது கைக்காரர்கள் இடம், வலம் இரண்டையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

டிவியில் பார்க்கும் பிஜிஏ டூர் தொழில்முறை ஆண்கள் சராசரியாக 113 மைலுக்குக் குறையாமல் சுற்றுகிறார்கள். அந்த வேகத்தில் பந்து ஏறத்தாழ 11 டிகிரியில் கிளம்பினாலே போதும், 275 யார்டு காற்றிலேயே போய்விடும். எல்பிஜிஏ தொழில்முறைப் பெண்களின் சராசரி 94 மைலை ஒட்டியது. அவர்கள் பந்தை 3 டிகிரி அளவுக்கு மேல்நோக்கி அடித்து, 13 டிகிரியில் கிளப்பி, 220 யார்டை ஒட்டிப் பறக்க விடுகிறார்கள். நம் வேகத்துக்கு வழிகாட்டி அந்தப் பெண்கள்தான். ஆண்கள் டூரைப் பார்த்து டிரைவர் வாங்கிய அன்றே பாதிப் பிழை தொடங்கிவிடுகிறது. நானும் அப்படித்தான் 9 டிகிரி லாஃப்டும் (மட்டை முகத்தின் சாய்வு) ஸ்டிஃப் ஷாஃப்டும் (விறைப்பான தண்டு) உள்ள ஒன்றை வாங்கி, இரண்டு வருடம் அதோடு மல்லுக்கட்டினேன்.

பிழை பொறுக்கும் டிரைவர் என்று எதைச் சொல்கிறோம்? மட்டைத் தலையின் முன்முகமான ஃபேஸின் நடுவில் பந்து படாதபோதும் அந்தத் தலை அதிகம் திரும்பாமல் நிற்பதைத்தான். பிளஸ் ஒன் இயற்பியலில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்தோமே, அதுவேதான். தோளில் காவடித்தண்டு போட்டு இரண்டு முனையிலும் தண்ணீர்க்குடம் தொங்கவிட்டு நடப்பவரைச் சட்டென்று திருப்ப முடியாது. அதே எடையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தால் எளிதாகத் திருப்பிவிடலாம். எடை ஓரத்துக்குப் போகப் போகத் திருப்புவது கடினம். பிங் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் 1959-இல் எடையை இரு முனைகளிலும் வைத்துப் பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டை) செய்தது இந்தக் கணக்கில்தான். இன்று டிரைவரில் எடை பின்னால், தரையோரமாக, ஃபேஸிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது. விதிப்படி தலையின் கொள்ளளவுக்கு உச்சவரம்பு 460 சிசி. இடவலமாகத் திரும்புவதை எதிர்க்கும் அளவு 5900 கிராம்-சதுர சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. இதோடு மேல்கீழாகத் திரும்புவதை எதிர்க்கும் அளவையும் கூட்டி 10,000-ஐத் தாண்டியதாகச் சொல்லி வந்தவை பிங் ஜி430 மேக்ஸ் 10கே, டெய்லர்மேட் க்யூஐ10 மேக்ஸ் இரண்டும். இரண்டுமே 2024-இல் வந்தவை.

இந்த எண்ணெல்லாம் நடுவில் படாத அடிக்குத்தான் உதவும். சுவிங் (மட்டை வீச்சு) தவறான திசையில் வந்தாலோ, ஃபேஸ் திறந்தபடி, அதாவது வலப்பக்கம் பார்த்தபடி, வந்தாலோ, 10,000 என்ன, 20,000 இருந்தாலும் பந்து திறந்த பக்கம்தான் போகும். அதனால்தான் கடைக்குப் போவதற்கு முன் காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்கிறேன்.

எதற்கும் முன்னால்: ஃபேஸில் உள்ள தடம்

சென்னை நந்தனம் கோல்ஃப் மைதானத்தில் ஒருநாள் ஐந்தாவது முறையாகப் பந்தை வலப்பக்க மரங்களுக்குள் அனுப்பிவிட்டு, அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பை தூக்கி வந்த கேடி டிரைவரை என் கையிலிருந்து வாங்கி, வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்து, "சார், அங்க பாக்காதீங்க, இங்க பாருங்க" என்றார். ஃபேஸில் வட்டமாக, சின்னச் சின்னக் குழிகளின் அச்சோடு வெள்ளையாக ஒரு தடம். நடுவிலிருந்து ஒரு விரலகலம் ஹீல் பக்கம் (தண்டு சேரும் பக்கம்) தள்ளி, கீழ் விளிம்பை ஒட்டியிருந்தது. அதன்மேலேயே இன்னும் இரண்டு பழைய தடங்கள். மூன்று அடியும் ஒரே இடத்தில் பட்டிருக்கின்றன. அதுவரை நான் ஒருமுறைகூட அங்கே பார்த்ததில்லை.

நீங்களும் இதிலிருந்து தொடங்குங்கள். ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பொட்டு வையுங்கள். பொட்டு ஃபேஸைப் பார்க்கும்படி டீயில் (பந்தை உயர்த்தி வைக்கும் சிறு முளை) வைத்து அடியுங்கள். மை ஃபேஸில் ஒட்டும். பத்துப் பந்து அடித்து, ஒவ்வொரு தடத்தையும் செல்போனில் படம் எடுத்துவிட்டுத் துடையுங்கள். இது பயிற்சியில் மட்டும். ஆட்டத்தின் நடுவே டிரைவர் தலையில் எதையும் பூசிவிட்டு அடிக்க விதி இடம் தராது. பத்துத் தடமும் ஒரே இடத்தில் இருந்தால் ஒரு காரணம், சிதறிக் கிடந்தால் வேறு காரணம். கீழே வரும் ஒவ்வொரு அறிகுறிக்கும் இந்தப் படங்கள் வேண்டும்.

பந்து வலப்பக்கம் வளைந்து போகிறது

நம்மில் பெரும்பாலோரின் தலைவலி இந்த ஸ்லைஸ்தான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

தடம் ஹீல் பக்கம் இருக்கிறதா? பந்தும் ஃபேஸும் இரண்டு பல்சக்கரங்கள் போல. ஹீலில் படும்போது தலை ஒரு பக்கம் திரும்ப, பந்து எதிர்ப்பக்கம் சுழல்கிறது. அந்தச் சுழற்சி பந்தை வலப்பக்கம் வளைக்கும். ஹீலுக்கு எதிர் முனையான டோ பக்கம் பட்டால் இடப்பக்கம் வளையும். அதாவது, உங்கள் சுவிங்கில் பெரிய கோளாறு இல்லாமலே ஹீல் அடியால் மட்டும் ஸ்லைஸ் வரலாம். பந்திலிருந்து அரை அங்குலம் தள்ளி நின்று பாருங்கள். ஹீல் அடிக்காரர்களுக்குத்தான் பெரிய, பின் எடையுள்ள தலை முழுப் பலன் தரும்.

தடம் நடுவில் இருந்தும் பந்து வலப்பக்கம் போகிறதென்றால், சுவிங் வரும் பாதையைவிட ஃபேஸ் திறந்து வருகிறது. இதற்கு முதலில் பார்க்க வேண்டியது கிரிப், அதாவது கைப்பிடி உறை. சென்னை போன்ற கடலோர ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் மூன்றாவது குழியை முடிப்பதற்குள் கையுறை நனைந்துவிடும். ரப்பர் கிரிப் ஒன்றிரண்டு வருடத்தில் இறுகி, பளபளத்து, வழுக்கத் தொடங்கிவிடும். வழுக்கும் என்ற பயத்தில் கை தானாகவே இறுக்கிப் பிடிக்கும். இறுகிய கையால் ஃபேஸை நேரத்தில் மூட முடியாது. புதிய கிரிப்பும் பையில் இரண்டு உலர்ந்த கையுறையும் டிரைவர் விலையில் ஒரு சிறு துளிதான். இதை மாற்றாமல் டிரைவரை மாற்றுவது வீண்செலவு என்று உறுதியாகச் சொல்வேன்.

அடுத்து, ஷாஃப்ட் தலைக்குள் நுழையும் இடத்தில் திருப்பி வைக்கும் ஸ்லீவ். தலை தரையில் இயல்பாக உட்கார்ந்திருக்கும்போது லாஃப்டைக் கூட்டினால் ஃபேஸ் கொஞ்சம் மூடிக்கொள்ளும், குறைத்தால் திறந்துகொள்ளும். ஸ்லைஸ் அடிப்பவர் தூரத்துக்கு ஆசைப்பட்டு 10.5-ஐ 9.5 ஆக்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர் ஸ்லைஸை இன்னும் பெரிதாக்கிக்கொள்கிறார். எதிர்த்திசையில் திருப்புங்கள். ஒன்று, ஒன்றரை டிகிரி கூட்டி, ரென்ச் 'கிளிக்' என்று சொல்லும்வரை இறுக்கி, இருபது பந்து அடித்துப் பாருங்கள். ஆட்டம் தொடங்கிய பிறகு இதைத் திருப்பிவிட்டு அடிக்கக்கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் பந்து வலப்பக்கமே போனால், அப்போது பந்தை இடப்பக்கம் வளைக்க உதவும் டிரா டிரைவர் வாங்கலாம். பிங்கில் எஸ்எஃப்டி, காலவேயில் மேக்ஸ் டி என்ற பெயரில் வருபவை இந்த வகை. இவற்றில் எடை ஹீல் பக்கம் தள்ளப்பட்டிருப்பதால் ஃபேஸ் மூடுவது எளிது. நடுவில் அடித்தாலும் லேசாக டோ பக்கம் அடித்ததுபோல் பந்து இடப்பக்கம் சாயும். ஃபேர்வேக்கு (நடுவிலுள்ள வெட்டிய புல்வெளிப் பாதை) வெளியே போன ஸ்லைஸ் ஃபேர்வேயின் வலது ஓரத்தில் நிற்கும் அளவுக்கு உதவும். பக்கத்து ஃபேர்வேக்குப் போகிற ஸ்லைஸை இது திருத்தாது. அதற்கு ஒரு நல்ல பயிற்சியாளரிடம் நான்கு வகுப்பு போவதுதான் சரி. டிரைவர் வாங்க வைத்திருந்த பணத்தை அங்கே கொடுங்கள்.

பந்து தாழ்வாகப் போய்ச் சீக்கிரம் விழுகிறது

ஒரு சோதனை: டிரைவருக்கு அடுத்த மட்டையான உங்கள் த்ரீ வுட் டிரைவருக்குச் சமமாகப் போகிறதா, சில நாள் அதைத் தாண்டியும் போகிறதா? அப்படியானால் டிரைவரில் லாஃப்ட் போதவில்லை என்பது கிட்டத்தட்ட உறுதி.

நம் வேகத்தில் பந்தைக் காற்றில் தாங்கிப் பிடிக்க உயரமும் ஓரளவு பின்சுழற்சியும் வேண்டும். 85 மைல் சுற்றுகிறவருக்கு 13 முதல் 16 டிகிரிக்குள் பந்து கிளம்பி, நிமிடத்துக்கு 2500 முதல் 3000 வரை சுழன்றால் நல்லது. 9 டிகிரி தலையால், அதுவும் மேலிருந்து கீழ்நோக்கி அடிப்பவரால், அந்த உயரத்தைத் தொட முடியாது. 10.5-இல் தொடங்குங்கள். 85-க்குக் கீழே இருந்தால் 12 டிகிரியைத் தயங்காமல் கையில் எடுங்கள். தலையில் பொறித்த 12 என்ற எண்ணைப் பார்த்து, இது பெரியவர்களுக்கானது என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பந்துக்கு அந்த எண்ணைப் படிக்கத் தெரியாது. அதிக லாஃப்டுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: பின்சுழற்சி கூடக் கூடப் பக்கவாட்டு வளைவு அடங்கும். டிரைவரால் ஸ்லைஸ் அடிப்பவர் அதிக லாஃப்ட் உள்ள ஏழாம் நம்பர் அயன் மட்டையால் நேராக அடிப்பது இதனால்தான்.

நான் அந்த 9 டிகிரியைக் கொடுத்துவிட்டு, ரெகுலர் ஷாஃப்ட் போட்ட 12 டிகிரிக்கு மாறினேன். முதல் நாள் பந்து அவ்வளவு உயரம் போனதைப் பார்த்துத் தூரம் போச்சு என்றே நினைத்தேன். நடந்து போய்ப் பார்த்தால் வழக்கமாகப் பந்து நிற்கும் இடத்தைத் தாண்டி இருபது அடி வைத்தும் பந்து இன்னும் முன்னால் கிடந்தது.

வாங்கும்போது பெயரைக் கவனியுங்கள். எல்எஸ், எல்எஸ்டி, டிரிபிள் டைமண்ட் என்று முடிபவை சுழற்சியைக் குறைக்கச் செய்தவை. எடை முன்னால் வந்திருக்கும், பிழை பொறுக்கும் திறனும் குறைந்திருக்கும். 110 மைல்காரருக்கு அவை தேவை. நமக்கு மேக்ஸ் என்று முடிபவையே போதும். உயரத்துக்கென்றே சிலவற்றை எச்எல் என்ற அடையாளத்தோடு, இலேசான ஷாஃப்டும் தலையும் வைத்துத் தருகிறார்கள். 80-ஐ ஒட்டியவர்கள் அதை அவசியம் அடித்துப் பார்க்க வேண்டும்.

பந்து விர்ரென்று ஏறி, முன்னேறாமல் செங்குத்தாக விழுகிறது

முந்தைய பகுதியைப் படித்த கையோடு, லாஃப்ட் கூடிப்போச்சு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தடத்தைப் பாருங்கள். ஃபேஸின் கீழ்ப்பாதியில் இருந்தால் சுழற்சி எகிறும். அதே அடி மேல்பாதியில் பட்டால் பந்து உயரமாகக் கிளம்பி, குறைவாகச் சுழலும். கீழ்த்தடத்துக்கு மருந்து டீதான். டிரைவர் தலையைப் பந்தின் பக்கத்தில் வைத்தால் பந்தின் பாதி தலைக்கு மேலே தெரிய வேண்டும். பந்து இடது குதிகாலுக்கு நேராக இருக்கட்டும். பந்தை இரு கால்களுக்கும் நடுவே வைத்துக் கீழ்நோக்கி வெட்டினால் எந்த டிரைவரும் பந்தை ஊதிப் பறக்கத்தான் விடும். டீயைச் சரிசெய்து, தடம் நடுவுக்கு மேலே வந்த பிறகும் பந்து ஊதினால் லாஃப்டை ஒரு டிகிரி குறைத்துப் பாருங்கள்.

ஒரு பந்து இடம், ஒரு பந்து வலம், தடங்கள் சிதறிக் கிடக்கின்றன

இங்கே சந்தேகப்பட வேண்டியது ஷாஃப்டின் நீளத்தை. இன்று கடையில் வரும் டிரைவர்கள் 45.5 அங்குலம், சில 46-ஐத் தொடும். விதி 48 வரை விடுகிறது. தொழில்முறைப் போட்டிகளுக்கு 46-ஆகக் குறைத்துக்கொள்ளும் உள்ளூர் விதி 2022 ஜனவரியில் வந்தது. நீளம் கூடினால் வேகம் கூடும், ஆனால் நடுவில் படுவது குறையும்.

85 மைலில் நன்றாகப் பட்ட பந்து ஏறத்தாழ 126 மைலில் கிளம்பும். ஓரத்தில் பட்டால் 119 ஆகிவிடும். பந்து வேகத்தில் ஒரு மைல் என்பது சுமார் இரண்டு யார்டு. ஆக 14 யார்டு போயிற்று, திசையும் போயிற்று. நீள ஷாஃப்டால் கிடைக்கும் ஒன்றிரண்டு மைல் இதை ஈடுகட்டாது.

செலவில்லாத சோதனை: ஒரு அங்குலம் கீழே பிடித்து இருபது பந்து அடியுங்கள், படம் எடுங்கள். தடங்கள் நெருங்கி வந்தால் உங்கள் நீளம் 44.5-ஐ ஒட்டியது. அப்படியே பிடித்து ஆடலாம், வெட்டவும் செய்யலாம். வெட்டினால் தலை கையில் இலேசாகத் தெரியும். அரை அங்குலம் வெட்டினால் சுவிங் வெயிட் (சுற்றும்போது தலை கனமாகத் தெரியும் அளவு) மூன்று புள்ளி குறையும். அதை ஈடுசெய்யத் தலையில் ஆறு கிராம் அளவுக்கு ஈய டேப் ஒட்டவோ கனமான திருகு போடவோ வேண்டும். இதைச் செய்யாமல் வெட்டிக் கொடுத்துவிடும் கடைகளும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

ஷாஃப்டில் எழுதியிருக்கும் ரெகுலர், ஸ்டிஃப், சீனியர் ஆகிய விறைப்பு அடையாளங்களுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் ரெகுலர் இன்னொன்றின் ஸ்டிஃப்பாக இருக்கலாம். எழுத்தைவிட எடையைப் பாருங்கள். நம் வேகத்துக்கு 45 முதல் 55 கிராம் பெரும்பாலும் பொருந்தும். அவசரமாக இறக்கி அடிக்கும் பழக்கம் உள்ளவருக்கு மிக இலேசான ஷாஃப்ட் ஆகாது, கொஞ்சம் கனமானதுதான் தாளத்தைக் காக்கும்.

தலையின் மேல்பக்கத்தில் வெள்ளைக் கீறல்

பந்து தலைக்கு மேலே பட்டு நேராக வானத்துக்குப் போனதன் அடையாளம். டீ உயரம் என்று நினைத்து எல்லோரும் டீயைக் கீழே அழுத்துகிறார்கள். காரணம் அநேகமாக, தோள் முன்னால் பாய்ந்து மட்டைத் தலை செங்குத்தாக இறங்குவது. டீயை அப்படியே விட்டு, பந்து இல்லாமல் டீயை மட்டும் தட்டிவிடப் பழகுங்கள்.

இடப்பக்கம் சுருண்டு விழுகிறது

டிரா டிரைவர் வாங்கி ஆறு மாதம் கழித்து இது வந்தால், உங்கள் சுவிங் தேறிவிட்டது என்று பொருள். நகர்த்தும் எடை இருந்தால் அதை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். லாஃப்டைக் கூட்டி வைத்திருந்தால் பழைய இடத்துக்குத் திருப்புங்கள். தடம் டோ பக்கம் இருந்தால் பந்துக்குச் சற்று அருகில் நில்லுங்கள்.

கடையில் அருமையாகப் போனது, மைதானத்தில் போகவில்லை

கடையின் வலைக்குள் நாற்பது பந்து தொடர்ந்து அடித்தால் கடைசிப் பத்து நன்றாகத்தான் போகும். மைதானத்தில் ஒரு குழிக்கு ஒருமுறைதான் டிரைவர் கைக்கு வரும். ஆகவே ஒவ்வொரு டிரைவரிலும் மூன்று பந்து அடித்து மாற்றுங்கள், ஒரு சுற்று முடிந்து மறுபடி முதலிலிருந்து வாருங்கள். திரையில் நீளமான எண்ணைக் காட்டி, "சார், 240" என்பார்கள். அந்த ஒன்றை விட்டுவிட்டு, மோசமான மூன்று பந்து எங்கே விழுந்தன என்று கேளுங்கள். மோசமான மூன்றும் எதில் ஃபேர்வேக்கு அருகில் விழுந்தனவோ அதை வாங்குங்கள்.

கொடைக்கானலில் அடித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 2000 மீட்டருக்கு மேல் காற்று மெலிந்திருக்கும், பந்து நீளமாகவும் போகும், குறைவாகவும் வளையும். அங்கே அடங்கிப்போன ஸ்லைஸ் சமவெளிக்கு இறங்கியதும் பழைய உருவத்துக்கு வந்துவிடும்.

புதிய டிரைவர், ஆனால் தூரம் கூடவில்லை

கூடாது. ஃபேஸ் பந்தைத் தள்ளும் திறனுக்கு விதியில் உச்சவரம்பு இருக்கிறது, நல்ல டிரைவர்கள் அந்த வரம்பைத் தொட்டுப் பல வருடமாகிறது. நடுவில் பட்ட பந்துக்குப் பழையதும் புதியதும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு ஓரத்து அடியில்தான். அதனால் நான்கைந்து வருடம் பழைய, மேக்ஸ் வகை டிரைவரைப் பாதி விலையில் வாங்குவது நம் வேகத்துக்கு நல்ல வாங்கல். 2021-இல் வந்த பிங் ஜி425 மேக்ஸ் இன்றைக்கும் பிழை பொறுப்பதில் குறைந்ததல்ல.

பழையதை வாங்கும்போது ஃபேஸில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், விரிசல் இருந்தால் நகம் தட்டும். தலையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். கலகலவென்று சத்தம் வந்தால் உள்ளே பசை கழன்றிருக்கிறது. ஸ்லீவைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், ரென்ச்சைக் கேட்டு வாங்குங்கள். ரென்ச் இல்லை என்றாலோ, சீரியல் எண் இல்லை என்றாலோ, விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தாலோ அது போலியாக இருக்க வாய்ப்புண்டு, விட்டுவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் பணம் கொடுப்பதற்கு முன் பத்துப் பந்து அடிக்கக் கேளுங்கள். போகும்போது மார்க்கரை மறக்காதீர்கள்.